கதவைக் கப்பலேற்றிய நக்கண்ணன்

கடல் இருந்தது, கப்பல் இருந்தது, கப்பலில் போகிற ஓலைகளும் ஏராளமாக இருந்தன; அந்த ஓலைகளுக்கு உருப்படியான பதில் மட்டும் இல்லாத ஒரு நாடு முன்னொரு காலத்தில் இருந்தது. அதை ஆண்டவர் பரிதிமாறன் என்ற மன்னர். நல்லவர்தான். ஆனால் தினமும் காலையில் பல் துலக்கும்போது அவருக்கு ஏதாவது ஓர் ஆசை வந்துவிடும். துலக்கி முடிப்பதற்குள் அது அரச கட்டளையாகிவிடும்.

ஒருநாள் அவர் சபைக்கு வந்து அமர்ந்ததும் சொன்னார்: "கடலுக்கு அப்பால் பவளத் தீவு இருக்கிறதே, அங்குள்ளவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

வரியதிகாரி தண்டீசுவரர் உடனே எழுந்தார். "அரசே, அதற்கு நம் விகடகவி நக்கண்ணனைவிடத் தகுந்தவர் யார்? ஒரு வருடம் அங்கே தங்கி, கண்டதை எழுதி அனுப்பட்டும். வருடம் முடியுமுன் திரும்பினால் வேலை அரைகுறையாகும். எனவே அதற்குமுன் நம் கரையில் கால் வைத்தால் தலை போகும் என்று ஆணையிடுவது நலம்."

"நல்ல யோசனை!" என்றார் மன்னர்.

நக்கண்ணன் தண்டீசுவரரைப் பார்த்தான். அவர் புன்னகை செய்துகொண்டிருந்தார். பதினோரு வருடமாக அந்த முகத்தில் அவன் பல்லைப் பார்த்ததில்லை. போன பொங்கலன்று சபையில் அவர் நடப்பதைப் போல அவன் நடந்து காட்ட, மன்னர் உட்பட எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் அவனோடு பேசுவதில்லை. இப்போது சிரிக்கிறார் என்றால் எங்கோ ஒரு குழி வெட்டியாகிவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

அவன் நேரே வரி மண்டபத்துக்குப் போனான். மன்னரின் பாட்டனார் நட்டுவைத்த விதிக்கல் அங்கே இருந்தது. அதன் எழுத்தை மன்னரைத் தவிர யாரும் மாற்ற முடியாது. அதைப் படிக்கவும் யாருக்கும் பொறுமை கிடையாது. நக்கண்ணன் உட்கார்ந்து முழுவதையும் படித்தான்.

'இக்கல் நிற்கும் இடமே வரி மண்டபம்' என்று அது தொடங்கியது. வெளிநாட்டில் வாழ்பவர் ஓலை அனுப்பினால், அனுப்பியவர் அவர்தானா என்று உறுதி செய்ய வேண்டும். அதற்காக ஓலைக்காரர், ஊரில் இருக்கும் அவருடைய வீட்டுக் கதவை மூன்று முறை தட்டி, ஓர் இரகசியச் சொல்லைச் சொல்லுவார். கதவைத் திறந்து அவரே அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னால் ஓலை ஏற்கப்படும். திறக்காவிட்டால் வீடு அரண்மனைக்குச் சொந்தம். கதவைத் தட்டாமல் எந்த விவகாரத்தையும் முடிக்கக் கூடாது. கடைசியாக ஒரு வரி: அயல் மண்ணை மிதித்துத் திரும்புகிறவர், கரை இறங்குமுன் வலது கையில் வரியதிகாரியின் முத்திரையைப் பெற்றிருக்க வேண்டும்; அந்த முத்திரையை அதிகாரி வரி மண்டபத்தில் அமர்ந்துதான் இட வேண்டும்.

நக்கண்ணன் அதை இரண்டு முறை படித்தான். வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் இருந்து கதவைத் திறக்க வேண்டும். ஊருக்கு வரவேண்டுமானால் முத்திரை வேண்டும். முத்திரைக்கு ஊருக்கு வர வேண்டும். முன்பெல்லாம் யாரும் இதைப் பொருட்படுத்தியதில்லை. தண்டீசுவரர் அதிகாரியான பிறகுதான் எழுத்துக்கு எழுத்து நடக்கத் தொடங்கியது.

அவன் வீட்டுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து வாசல் கதவைக் கழற்றத் தொடங்கினான்.

"என்ன பண்றீங்க?" என்று அவன் மனைவி தையல்நாயகி ஓடி வந்தாள்.

"கதவையும் கூட்டிட்டுப் போறோம்."

"அங்கே கதவு கிடைக்காதா?"

"கிடைக்கும். ஆனா அது நம்ம வீட்டுக் கதவு ஆகாது இல்லையா?"

தையல்நாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதினைந்து வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவள் என்பதால் மேற்கொண்டு கேட்காமல் மறுபக்கம் தூக்கிப் பிடித்தாள். அங்கே தங்கப்போகும் வீடு எதுவென்று அரண்மனையில் கேட்டறிந்து, வெறும் கதவு நிலையைச் செங்கல் வைத்து அடைத்து, அதன்மேல் 'கதவு பவளத் தீவில், கடற்கரையிலிருந்து மூன்றாம் சந்தில் உள்ளது' என்று எழுதிவிட்டு இருவரும் கப்பல் ஏறினார்கள்.

பவளத் தீவில் அவர்கள் நாட்டுக்காரர்கள் இருநூறு குடும்பம் இருந்தார்கள். சாயம் போடுகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், இட்லிக் கடை வைத்தவர்கள். யாரும் ஏழு வருடமாக ஊர்ப்பக்கம் போகவில்லை. போக முடியவில்லை.

பக்கத்து வீட்டில் வெள்ளையம்மாள் என்ற அம்மாள் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கூடை நிறைய ஓலைகளைக் கொண்டுவந்து நக்கண்ணன் முன்னால் கவிழ்த்தாள்.

"தம்பி, நீங்க படிச்சவரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க. எங்க படகு புயல்ல மூழ்கிடுச்சு. வீட்டுக்காரரும் அதோட போயிட்டாரு. படகுக்கு வரி கேட்டு அவரு பேருக்குத்தான் வருஷா வருஷம் ஓலை வருது. ஆளு இல்லை, படகு இல்லைன்னு எத்தனையோ தடவை ஆள் வச்சு எழுதிப் போட்டாச்சு."

நக்கண்ணன் மேலே கிடந்த ஓலையை எடுத்துப் படித்தான். 'படகு மூழ்கியதாகத் தெரிவித்துள்ளீர். அந்தப் படகிலேயே நேரில் வந்து காட்டினால் மூழ்கியது உறுதி செய்யப்படும். உடன் கணவரையும் அழைத்து வரவும்.'

அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வெள்ளையம்மாளின் முகத்தைப் பார்த்ததும் ஓலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?"

"கொஞ்ச நாள் பொறுங்கக்கா," என்றான்.

அடுத்த கப்பலில் அவனுக்கே ஓலை வந்துவிட்டது. 'நீர் வீட்டில் இல்லாததன் காரணத்தை உடனே தெரிவிக்கவும். தவறினால் வீடு அரண்மனைக்குச் சொந்தம். இங்ஙனம், தண்டீசுவரர்.' நக்கண்ணன் 'மன்னர் அனுப்பினார்' என்று இரண்டே சொல்லில் பதில் எழுதி அனுப்பினான்.

பதில் கிடைத்ததும் தண்டீசுவரர் கையைத் தேய்த்துக்கொண்டு ஓலைக்காரர் பேச்சிமுத்துவை அழைத்தார். ஐம்பது வயது, முழங்கால் வலி, எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர்.

"போய் அவன் கதவைத் தட்டு. இரகசியச் சொல் 'பூசணிக்காய்'. யாரும் திறக்க மாட்டார்கள். வந்து சொல்."

பேச்சிமுத்து போனார், திரும்பினார். "ஐயா, கதவு இல்லீங்க."

"திறக்கவில்லையா?"

"கதவே இல்லீங்க. பவளத் தீவுல இருக்குன்னு எழுதியிருக்கு."

தண்டீசுவரர் சுவரைத் தட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்லில் 'கதவு' என்றுதானே இருக்கிறது? எழுத்து பிசகினால் அந்த விகடகவி சபையில் வைத்துக் கிழித்துவிடுவான். எனவே பேச்சிமுத்துவைக் கப்பலேற்றி அனுப்பினார்.

பவளத் தீவில் மூன்றாம் சந்தில் அந்தக் கதவு இருந்தது. பேச்சிமுத்து மூன்று முறை தட்டினார். நக்கண்ணன் திறந்தான்.

"பூசணிக்காய்ங்க," என்றார் பேச்சிமுத்து.

"பூசணிக்காய். உள்ளே வாங்க, சாப்பிட்டுப் போகலாம்."

சாப்பிட்டுவிட்டு அவர் கப்பலேறினார். பத்து நாள் கழித்து அதே கப்பலில் திரும்பி வந்து நின்றார். துறைக் காவலர் சொரிமுத்து அவரை இறங்க விடவில்லையாம். மாலுமிகள் எந்த நாட்டிலும் கப்பலைவிட்டு இறங்குவதில்லை; அவர்களுக்குத் தொல்லை இல்லை. ஆனால் பேச்சிமுத்து அயல் மண்ணை மிதித்துவிட்டார். கையில் முத்திரை இல்லை. ஒருமுறை இரக்கப்பட்டு யாரையோ இறக்கிவிட்டதற்குச் சொரிமுத்துவுக்குத் தண்டீசுவரர் ஒரு மாத அரிசியை நிறுத்தியிருந்தார். அதற்குப் பிறகு அவர் தம் சொந்தத் தம்பியைக்கூட இறங்க விட்டதில்லை.

முதல் ஆள் துறைவரை வந்து திரும்பியது தெரியாமல், அவர் வரவில்லை என்று தண்டீசுவரர் இரண்டாம் ஆளை அனுப்பினார். அவரும் தட்டினார், பூசணிக்காய் என்றார், சாப்பிட்டார், போனார், திரும்பி வந்தார். பிறகு மூன்றாமவர். அப்புறம் கணக்கர் இருவர். கடைசியாக மண்டபத்தைக் கூட்டுகிறவர். ஒவ்வொரு தட்டலுக்கும் தீவுக்காரர்கள் சந்தில் கூடி நின்று, கதவு திறந்ததும் 'பூசணிக்காய்!' என்று சேர்ந்து கத்திச் சிரித்தார்கள். 'இதற்குத்தான் இங்கே சிரிக்கிறார்கள்' என்று நக்கண்ணன் மன்னருக்கு எழுதினான். மன்னருக்குக் காய்கறியில் என்ன வேடிக்கை என்று புரியவில்லை.

"நான் என்ன சத்திரமா நடத்துறேன்?" என்றாள் தையல்நாயகி. "ஆறு பேருக்குப் பொங்கிப் போடுறேன். அதுல ஒருத்தரு காரம் ஆகாதுங்கிறாரு."

"இன்னும் ஒருத்தரு பாக்கி," என்றான் நக்கண்ணன்.

வருடம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அந்த ஒருவர் வந்தார். மண்டபத்தில் வேறு ஆளே இல்லாததால், கோபத்தில் மீசை துடிக்கத் தண்டீசுவரரே கப்பலேறி வந்திருந்தார். கதவை அவர் தட்டிய வேகத்தில் கீல் ஆடியது.

"பூசணிக்காய்!" என்று கத்தினார்.

"பூசணிக்காய். வாருங்கள் ஐயா. வழியில் சிரமம் ஒன்றும் இல்லையே?"

"உன் விவகாரம் முடிந்தது. என் ஆட்களை அழைத்துக்கொண்டு நான் ஊருக்குப் போகிறேன்."

"நல்லது ஐயா. எனக்கும் வருடம் முடிகிறது. ஒரே கப்பலில் போகலாம்."

கப்பல் ஊர்த்துறையை அடைந்ததும் சொரிமுத்து பலகையில் ஏறி நின்று கையைக் காட்டச் சொன்னார். தண்டீசுவரர் கை வெறுமையாக இருந்தது.

"அடேய், நான்தான் வரியதிகாரி!"

"தெரியுங்கய்யா. கையில முத்திரை இல்லீங்களே."

"முத்திரை என் இடுப்பில்தான் இருக்கிறது. இதோ இட்டுக்கொள்கிறேன்."

"மண்டபத்துல உக்காந்துதான் இடணும்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க? நீங்க மண்டபத்துல உக்காந்து முத்திரை வச்சாத்தான் நீங்க இறங்கலாம். அரிசி போயிடும்ங்க எனக்கு."

மூன்று நாள் கப்பல் துறையிலேயே நின்றது. நான்காம் நாள் காலையில் மன்னர் பல் துலக்கும்போது வரியதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். மண்டபத்துக்கு ஆள் போனது. அங்கே குருவிகள்தான் இருந்தன. விசாரித்துக்கொண்டு மன்னரே துறைக்கு வந்தார்.

"தண்டீசுவரரே, ஏன் இறங்காமல் நிற்கிறீர்?"

"முத்திரை இல்லை, அரசே."

"யாரிடம் பெற வேண்டும்?"

"என்னிடம்தான், அரசே."

"அப்படியானால் உம்மிடம் கேட்க வேண்டியதுதானே?"

தண்டீசுவரர் தலை குனிந்தார். "கேட்டேன், அரசே. நேரில் வரச் சொல்லியிருக்கிறேன்."

மன்னர் அவரையே உற்றுப் பார்த்தார். உதடு துடித்தது, தோள் குலுங்கியது, பிறகு துறையே அதிரும்படி சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "நக்கண்ணா, இது உன் வேலைதானே?" என்றார்.

"நான் கதவைத்தான் எடுத்துச் சென்றேன், அரசே. மற்றதெல்லாம் கல்லின் வேலை," என்றான் நக்கண்ணன். அதன்பின் வெள்ளையம்மாளின் ஓலையை மடியிலிருந்து எடுத்து, மன்னரிடம் நீட்டும்படி சொரிமுத்துவிடம் கொடுத்தான். இருநூறு குடும்பம் ஏழு வருடமாக ஊர் திரும்ப முடியாமல் இருப்பதையும் சொன்னான். மன்னர் படித்தார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

"ஏழு வருடமாகவா?" என்றார். "அவர்களுக்கு அங்கே சுகம், வர மனமில்லை என்றல்லவா எனக்குச் சொன்னார்கள்?"

பிறகு கப்பலில் நின்றவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"இவர்களை எப்படி இறக்குவது, நக்கண்ணா? கல்லைச் செதுக்கி மாற்றச் சிற்பிக்கு நாலு நாள் ஆகுமே."

"'இக்கல் நிற்கும் இடமே வரி மண்டபம்' என்று முதல் வரி இருக்கிறது, அரசே. கல்லைக் கப்பலில் ஏற்றினால் கப்பலே மண்டபம்."

மன்னர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். எட்டு மாடு பூட்டிக் கல்லைக் கொண்டுவந்தார்கள். தண்டீசுவரர் அதன் அடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எல்லார் கையிலும் முத்திரை வைத்துவிட்டு, கடைசியில் தம் கையிலும் வைத்துக்கொண்டார். சொரிமுத்து எட்டு ஆண் கையையும் ஒரு பெண் கையையும் உற்றுப் பார்த்துவிட்டு, வழிவிட்டார்.

"என்ன பரிசு வேண்டும், கேள்," என்றார் மன்னர், தம் கழுத்து மாலையைக் கழற்றி நக்கண்ணனுக்கு அணிவித்தபடி.

"ஏற்றிய கல்லை இறக்க வேண்டாம், அரசே. அது அப்படியே பவளத் தீவுக்குப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். கல்லோடு தண்டீசுவரரும் போகட்டும்!"

கல் பவளத் தீவுக் கடற்கரையில் நடப்பட்டது. கதவைத் தட்டச் சொல்லும் வரிகளையும் முத்திரை பற்றிய வரியையும் மன்னரின் சிற்பி செதுக்கி எடுத்துவிட்டார். முதல் நாள் காலையில் வரிசையில் முதலில் நின்றவள் வெள்ளையம்மாள். ஏழு வருடத்து ஓலைக் கூடையையும் தூக்கி வந்திருந்தாள்.

"படகு மூழ்கிடுச்சுங்க. வீட்டுக்காரரும் இல்லீங்க," என்றாள்.

தண்டீசுவரர் வழக்கம்போல வாயைத் திறந்தார். எதிரே ஒரு கை தொடும் தூரத்தில் நின்றவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஓலை எழுதியவர் ஒருவர் முகத்தை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டு எழுத்தாணியை எடுத்து, பேரேட்டில் ஒரு வரி எழுதினார்.

"முடிந்தது அம்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வெள்ளையம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நின்றவர்கள் யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. தண்டீசுவரரும் அடுத்தவரைக் கூப்பிடவில்லை.