தூணைக் கட்டிப்பிடித்த மச்சான்

உங்களைத்தான் கேட்கிறேன், முதலாளி. பீர் ஊற்றிக் கொடுத்த செலினை வேலையை விட்டுத் தூக்கினீர்களே, அவள் செய்த குற்றம் என்ன?

உங்கள் கடைக்கு வறுகடலை போடுகிறவன் நான். அன்று பக்கத்து மேசையில்தான் இருந்தேன். உங்கள் மச்சான் கலிவரதன், செலின் வைத்த பொன்னிற லாகர் பீரைப் புறங்கையால் தள்ளினார்.

"இந்தத் தண்ணியக் கொழந்தைக்குக் குடு. கடையிலயே நல்லா ஏறுற பீரக் கொண்டா. ஆனா நான் தள்ளாடக் கூடாது. தள்ளாடுனா உனக்கு வேலை இல்ல!"

செலின் முகம் மாறாமல் கன்னங்கரேலென்று ஒரு ஸ்டவுட் பீர் கொண்டுவந்தாள். மேலே காபி நிறத்தில் நுரை.

"பாத்தியா, இதான்டா பீரு!" என்று மச்சான் இரண்டு கிளாஸ் இறக்கினார். நாக்கு குழறியது. எழுந்தவர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "என்னக் கவுத்துட்டா! இவள வெளிய அனுப்புங்க!"

"சார், இந்தக் கறுப்பு நெறம் வறுத்த பார்லி மால்ட்டால வர்றது, போதையால இல்ல" என்றாள் செலின். "நீங்க தள்ளுன லாகர்தான் கடையிலயே அதிகமா ஏறுறது. அதுல இருக்குற போதைல பாதிகூட இதுல இல்ல. தள்ளாடக் கூடாதுன்னீங்க, அதான் இதக் குடுத்தேன். வேணும்னா முதலாளியையே கேளுங்க."

மச்சான் சட்டென்று நிமிர்ந்து நின்றார். தள்ளாட்டம் போன இடம் தெரியவில்லை. கடையே சிரித்தது. நீங்களும்தான் கர்ச்சீப்புக்குள் சிரித்தீர்கள்.

மச்சான் அவமானப்பட்டதற்கு வீட்டில் மனைவி திட்டியதும் அவளை நிறுத்திவிட்டீர்கள். பீர் காய்ச்சுகிறவரே நீங்கள், எது எவ்வளவு ஏறும் என்று உங்களுக்குத் தெரியாதா? நாளைக்கே செலினைக் கூப்பிட்டு வேலையைக் கொடுங்கள். மச்சானுக்கு மோர் ஊற்றச் சொல்லுங்கள்.