மௌனம் நீக்கிய பதிவு

“‘நான் எப்போ சொன்னேன்? மடத்துப் பதிவைப் போட்டுக் கேளு. என் குரல் அதுல இருந்தா காட்டு.’ இதான் சாமி என் வீட்டுக்காரர் சொல்றது. ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை.”

புனிதவதிக்கு மூச்சு வாங்கியது. மடத்துக் கூடத்தில் குருவையும் சீடர் சபேசனையும் தவிர யாரும் இல்லை.

“போன மாசம் சபையில உங்க முன்னாடிதானே சொன்னார்? ‘நீ திருச்சிக்கு வேலைக்குப் போ, பிள்ளையை நான் பார்த்துக்கறேன்’னு. நீங்க கேட்டீங்களா இல்லையா?”

“கேட்டேன்.”

“சாமிக்கு வயசாச்சு, மறதிங்கறார். நாளைக்கு நான் வேலையில சேரணும்.”

குரு சீடரைப் பார்த்தார்.

“பதிவைப் போடு.”

சபேசன் போட்டார். மடத்துக் கணினிக்கு அவர்தான் ராஜா.

குருவின் குரல் கணீரென்று வந்தது. “சொல்லும்மா.”

அடுத்த நொடியே, “சரி, அப்படியே செய்.”

அதற்கடுத்த நொடியே, “பிரசாதம் வாங்கிக்கோங்க.”

“நடுவுல நாங்க எங்கே?” என்றாள் புனிதவதி.

“அது வந்தும்மா... ஒரு மணி நேரப் பதிவு ரொம்பப் பெரிசு. யாரோட போனுக்கும் போகாது. எம்பி3யா மாத்தறப்போ கட்டளையோட ஓர் எண்ணையும் சேர்த்து அடிச்சேன். அந்த அளவுக்குக் கீழே கேக்கற சத்தத்தையெல்லாம் மௌனம்னு எடுத்துக்கிட்டு அதுவே வெட்டிடும். பதினைந்தே நிமிஷமாச்சு!”

கடைசி வாக்கியத்தில் பெருமை வேறு.

“மௌனமா? வீட்டுல தெருக்கோடி வரைக்கும் கத்தற மனுஷன், இங்கே வந்து நல்ல பிள்ளையா முனகினார். அது மௌனமா? நான் அழுதுகிட்டே பேசினேன். அதுவும் மௌனமா?”

“முதல்ல எடுத்த பதிவு எங்கே?” என்றார் குரு.

“அழிச்சுட்டேன் சாமி. இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்தது.”

“அந்த எண்ணை யார் வெச்சது?”

“நான்தான். என் குரலைப் பேசிப் பார்த்து வெச்சேன்.”

“நீ எங்கே உட்காருவே?”

“மைக் பக்கத்துல.”

“நல்லா இருக்கு சாமி!” என்றாள் புனிதவதி. “குடும்ப விஷயம்னா பின்சுவர் ஓரமா நின்னுதான் பேசணும்னு இங்கே ஒரு வழக்கம் இருக்கே, அதை யார் வெச்சது?”

சபேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமியிடம் இப்படியா பேசுவது?

“நான்தான்” என்றார் குரு.

எழுந்தார். மைக்கைத் தானே கழற்றினார். ஒயரை இழுத்துக்கொண்டு பின்சுவர் வரை நடந்தார். சபேசன் பதறி ஓடினார்.

“நான் எடுத்து வரேன் சாமி...”

“நீ புதுசாப் பதிவை ஓட விடு. உன் வீட்டுக்காரர் எங்கேம்மா?”

“வாசல்ல, பைக்ல உட்கார்ந்திருக்கார். இந்தப் பஞ்சாயத்துக்கெல்லாம் வரமாட்டாராம்.”

“நான் கூப்பிட்டேன்னு சொல்லு.”

தணிகாசலம் வந்தார். குருவைக் கும்பிட்டார். மனைவியை முறைத்தார். மைக்கைப் பார்த்ததும் கை சட்டைக் காலருக்குப் போனது.

குரு மைக்கை அவர் வாயருகே பிடித்தார். சபேசன் பக்கம் திரும்பினார்.

“இதுல எதையும் வெட்டாதே.”

பிறகு தணிகாசலத்திடம் சொன்னார்:

“அன்னிக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க.”