சிரிக்கிற முகத்தைத் தொட்ட பிள்ளைகள்

"ஒரு பிள்ளைக்கும் வலி இல்ல. இதுக்கு மேல உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார் டாக்டர் ஆசீர்வாதம்.

டாக்டர் ஹசீனா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஆசீர்வாதம் அந்த அரசுக் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர். வருகிற மார்ச்சில் ஓய்வு பெறப் போகிறவர். ஹசீனா ஒரு காலத்தில் அவரிடம்தான் தையல் போடக் கற்றார். முடிச்சு சரியாக விழாததற்கு வார்டே கேட்கத் திட்டும் வாங்கியிருக்கிறார்.

இப்போது மருத்துவ ஆய்வுகளுக்கெல்லாம் ஹசீனாதான் பொறுப்பு. அங்கே எந்த டாக்டர் ஆய்வு செய்ய ஆசைப்பட்டாலும் அவர் மேசைக்கு எதிரே இருக்கிற மர நாற்காலியில் வந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அப்படித்தான் ஆசீர்வாதம் தலை நரைத்த பிறகு சிஷ்யர் ஆனார். அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய யோசனை எளிமையானது. குடலிறக்கத்துக்கு அறுவை செய்யும்போது, தையல் போடுவதற்கு முன்னால் காயத்தைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் மருந்தைப் போட வேண்டும். அதை எங்கே, எந்த ஆழத்தில் போடுவது என்பதில் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அப்படிப் போட்டால், மயக்கம் தெளிந்து கண் விழிக்கிற பிள்ளை அழாது என்று நம்பினார்.

நம்பினால் போதாது, காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார் ஹசீனா.

பெற்றோரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் வாங்கினார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து. மீதிப் பிள்ளைகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது ஹசீனாவுக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் ஆசீர்வாதமே ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார். அட்டையில் வரிசையாக முகங்கள். முதல் முகம் சிரிக்கும். கடைசி முகம் கண்ணீர் விட்டு அழும். "நீ இப்ப எந்த முகம் மாதிரி இருக்க?" என்று கேட்பார். பிள்ளை தொட்டுக் காட்டும். வலி இருக்கிறது என்று காட்டுகிற பிள்ளைக்கு உடனே தொடையில் ஊசி போட்டு வலியைக் குறைக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் தவித்துக் கிடக்கக் கூடாது என்று அவரே வைத்த விதி அது.

ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகள் அழுகிற முகத்தைத் தொட்டன. பிறகு அது நின்றுபோயிற்று. வரிசையாக எல்லாரும் சிரிக்கிற முகம்தான்.

"அடுத்த மாசம் சென்னையில மாநாடு. நீ கையெழுத்துப் போட்டா நான் அங்க பேசிருவேன். மார்ச்சுக்கப்புறம் என்னை யாரு கூப்பிடப் போறா?" என்றார் ஆசீர்வாதம். குரலில் இருந்த ஆசை அவருக்கே கேட்டது.

ஹசீனா டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பாதிப் பிள்ளைங்களுக்கு உப்புத் தண்ணிதான சார் போட்டோம்?"

"ஆமா."

"யார் யாருக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்களும் சிரிக்கிற மூஞ்சியத்தான் தொட்டிருக்காங்க."

ஆசீர்வாதம் டீயைத் தொடவில்லை.

"அடிவயித்தக் கிழிச்சுத் தச்சிருக்கோம். வெறும் உப்புத் தண்ணி. வலியே இல்லையாம். அதையே மாநாட்டுல சொல்லிருவோமா சார்? அரசாங்கத்துக்கும் செலவு மிச்சம்."

"பிள்ளைங்க பொய் சொல்லுதுங்கியா? ஆறு வயசுப் பிள்ளைக்கு அதுல என்னம்மா லாபம்?"

"அது எனக்கும் தெரியல சார்."

"பின்ன என்னதான் செய்யச் சொல்லுத?"

"இன்னைக்கு வார்டுல போய்ச் சும்மா உட்காருங்க. அட்டை வேண்டாம். ஒண்ணும் கேக்க வேண்டாம்."

அவர் போய் உட்கார்ந்தார். வார்டில் அதுவரை இருந்த சலசலப்பு அடங்கியது. அதிகாரி சோதனைக்கு வந்த வகுப்பு மாதிரி பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டன. அவர் பார்த்த பிள்ளையெல்லாம் பல்லைக் காட்டியது. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர், கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அறுவைகளை முடித்துவிட்டு மறுபடி ஹசீனாவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உட்கார்ந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க இருந்தப்ப."

"நான் இல்லாதப்ப நான் எப்படிம்மா பாக்க?"

"அதைத்தான் நானும் யோசிக்கேன்."

பாடம் சொல்ல வந்தவர்களுக்கு நேராக ஒரு வாக்கியம் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று ஆசீர்வாதத்துக்கு எரிச்சல் வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வேகமாக எழுந்தார். பாதி எழுந்தவர் ஒரு முழங்காலை நீட்ட முடியாமல் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு ஒன்றும் நடக்காதது போல் நிமிர்ந்தார்.

ஹசீனா இழுப்பறையைத் திறந்து, முகங்கள் இருந்த அட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சார், முட்டு எப்படி இருக்கு?"

"எந்த முட்டு? ஒண்ணும் இல்ல."

"தொட்டுக் காட்டுங்க."

"விளையாடாதம்மா."

"தொட்டுக் காட்டுங்க சார்."

ஆசீர்வாதம் குனிந்து சிரிக்கிற முகத்தில் விரலை வைத்தார்.

ஹசீனா சிரிக்கவில்லை. "எலும்பு டாக்டர் வடிவேல்முருகன் சார்கிட்டயும் இதையேதான் தொட்டீங்களா?"

"அவன்கிட்டயா? அவன்கிட்ட வாயத் தொறந்தா முட்டுக்குள்ள ஊசியக் குத்துவேன்னு நிப்பான். அவன் வரான்னாலே நான் நிமிந்துதான்..."

பேச்சு அங்கே நின்றது. விரல் மட்டும் அட்டையிலேயே இருந்தது.

ஹசீனா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசீர்வாதம் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, நொண்டிக்கொண்டே கீழே இறங்கினார். இந்த முறை நொண்டுவதை அவர் மறைக்கவில்லை.

வார்டின் முதல் கட்டிலில் மகிஷா என்கிற சின்னப் பெண். காலையில்தான் அவர் அவளுக்கு அறுவை செய்திருந்தார். தாய் பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் இருவருமே சிரித்தார்கள்.

"மகிஷா, எந்த முகம்?"

அட்டை முழுதாக வெளியே வருவதற்குள் அவள் விரல் முதல் முகத்துக்குப் போய்விட்டது.

ஆசீர்வாதம் அந்த விரலைப் பார்க்கவில்லை. இன்னொரு கையைப் பார்த்தார். அது தாயின் சேலையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. இத்தனை நாளும் அவர் அட்டையைத்தான் பார்த்திருக்கிறார், அடுத்த கையைப் பார்த்ததில்லை.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அழுகிற மூஞ்சியத் தொட்டா என்ன ஆகும்?"

மகிஷா தாயைப் பார்த்தாள்.

"சொல்லு. நான் வைய மாட்டேன்."

"ஊசி," என்றாள் மகிஷா.

"யாரு சொன்னா?"

"நேத்து என்கூட இந்தக் கட்டில்ல படுத்திருந்த அக்கா. கடைசி மூஞ்சியத் தொட்டா ஊசி, மொத மூஞ்சியத் தொட்டா வீடுன்னு சொன்னா. அவளுக்கு அங்கன கிடந்த அண்ணன் சொன்னானாம்."

"ஏட்டி, சும்மா கிட. டாக்டர் ஐயாகிட்ட என்ன பேச்சு?" என்று பேச்சியம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். "அவளுக்கு வலியெல்லாம் இல்ல சார். நல்லாத்தான் இருக்கா. நாளைக்கு வீட்டுக்கு விட்டுருவீங்கல்லா?"

வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் புதிதாக வந்த பிள்ளையின் காதில் உபதேசம் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறது. தலைமை மருத்துவரின் மூக்குக்குக் கீழேயே ஒரு குரு பரம்பரை நடந்திருக்கிறது. ஒரு சிஷ்யப்பிள்ளைகூடப் பாடத்தை மறக்கவில்லை.

ஆசீர்வாதத்துக்கு ஒரு கணம் ஒன்று தோன்றியது. இந்த விரல் முதல் முகத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். கேட்காதது போல் எழுந்து போய்விடலாம். உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்கு ஏதாவது விளக்கம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். மாநாடு, மேடை, கைத்தட்டல் எல்லாம் அப்படியே இருக்கும்.

அப்படி நினைத்ததற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. காலையில் அந்தப் பெண்ணின் அடிவயிற்றில் கத்தி வைத்தது அவர் கைதான்.

"இனிமே வலிக்குன்னு சொன்னா ஊசி கிடையாது. குடிக்க மருந்துதான். இனிப்பா இருக்கும்," என்றார்.

மகிஷா அவரை நம்பவில்லை. அவள் முகத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. விரல் அசையவில்லை.

ஆசீர்வாதம் திரும்பி நர்ஸைக் கூப்பிட்டார்.

"ரோஸ்லின் சிஸ்டர், அந்த ஊசித் தட்டத் தூக்கிட்டுக் கீழ போயிருங்க."

"எந்தத் தட்டு சார்?"

"வலி ஊசி வச்சிருக்கீங்கல்லா, அது. இனிமே அது இந்த வார்டுக்குள்ள வரக்கூடாது. வர்றப்ப வலி மருந்து சிரப்பா கொண்டுவாங்க. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவுன்னு எடையப் பாத்து அளந்து கொடுப்போம்."

"சார், நம்ம ஆய்வுல..."

"ஹசீனாம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

சிஸ்டர் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தட்டில் இருந்தவை ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு தலை அந்தச் சத்தத்தின் பின்னாலேயே திரும்பியது. வாசல் தாண்டிப் படி இறங்குகிற வரை பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தன.

மகிஷா அட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். விரலை இரண்டாவது முகத்துக்கு நகர்த்தினாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். விரல் அடுத்ததற்குப் போனது. அதற்கடுத்ததற்கும் போனது.

கடைசி முகத்தில் விரல் வந்து நின்றதும் அவள் அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை. பேச்சியம்மாள் திகைத்துப்போய், "வலிக்கா ஏட்டி? எங்கிட்டகூடச் சொல்லலியேட்டி," என்று மகளின் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

சிஸ்டர் சிரப்போடு வந்து, அளவு சொன்னார். ஆசீர்வாதமே ஊற்றிக் கொடுத்தார். மகிஷா குடித்தாள். உதட்டை நக்கிக்கொண்டாள். வேறு எதுவும் வருகிறதா என்று அவர் கைகளைப் பார்த்தாள். எதுவும் வரவில்லை.

"ஊசி போடலல்லா?" என்று பக்கத்துக் கட்டில் பையன் அவளிடம் கேட்டான்.

மகிஷா இல்லை என்று தலையாட்டினாள்.

"டாக்டர் ஐயா," என்றான் அவன். "எனக்கும் வலிக்கு."

"எனக்கும்," என்றது எதிர்க் கட்டில்.

அதற்குப் பிறகு வரிசை இல்லை, ஒழுங்கு இல்லை. சன்னலோரத்துப் பிள்ளை அழுதது. ஒரே கட்டிலில் படுத்திருந்த இரண்டு பேர், யாருக்கு அதிகம் வலிக்கிறது என்று சண்டை போட்டார்கள். ஊமை என்று எல்லாரும் நினைத்திருந்த ஒரு பையன் வயிற்றைக் காட்டி, இங்கே என்று சத்தமாகச் சொன்னான். தாய்மார்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த வார்டில் அவ்வளவு சத்தத்தை யாரும் கேட்டதில்லை.

ஹசீனா மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"என்ன சார் சத்தம்?"

"வலிக்காம்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்மா," என்றார் ஆசீர்வாதம். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. "எல்லாருக்கும் வலிக்குதாம். எங்கிட்டயே சொல்லுதாங்க."

அடுத்துச் சொல்ல வேண்டியது ஹசீனாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இதுவரைக்கும் செஞ்சது எதுவும் செல்லாது சார். முதல்ல இருந்து தொடங்கணும். முடியறதுக்குள்ள நீங்க ரிட்டையர் ஆயிருவீங்க."

"நீ இருக்கல்லா," என்றார் ஆசீர்வாதம். மருந்து பாட்டிலை அவர் கையில் திணித்தார். "இந்தா, நீ அந்த வரிசையப் பாரு. பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு."