லட்சுமி சைக்கிள்

எண்ணெய்க் கடை வெயிலுமுத்து முதலாளி வாயைத் திறந்தால் சாமி வரும். கல்லாவைத் திறந்தால் ஒன்றும் வராது. அவர் கடை எண்ணெய் டின்னை ஊரெல்லாம் கொண்டுபோய்ப் போடுகிறவன் சீனியப்பன்.

"மொதலாளி, சைக்கிள்ல பிரேக் பிடிக்கல. செயின் அந்து அந்து விழுது. ரிப்பேர் பண்ணுவோமா, இல்ல செகண்ட் ஹேண்டுல ஒண்ணு பாப்போமா?" என்று கேட்டான்.

"எங்கப்பா ஓட்டுன வண்டிடா. லட்சுமி! அதுமேல ஸ்பேனர் வைக்கச் சொல்றியா? இல்ல, எவனோ கழிச்சுவிட்ட மூதேவியைக் கடைக்குள்ள ஏத்தச் சொல்றியா? ரெண்டும் நடக்காது. டின்னு மட்டும் நேரத்துக்குப் போகணும்."

சீனியப்பன் சைக்கிளுக்கு மாலை போட்டான். தலையில் டின், தோளில் சைக்கிள் என்று கடைத்தெரு வழியே நடந்தான். கேட்டவர்களிடமெல்லாம், "மொதலாளியோட லட்சுமி வீதியுலா போகுது. சாமி மேல ஏறி உக்காரலாமா?" என்றான். தெருவே சிரித்தது.

அவன் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அதற்குள் சேதி வந்து முதலாளி கொதித்துப்போய் நின்றார்.

"அந்தச் சனியனை நீயே எடுத்துக்கிட்டுத் தொலை! இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாத!"

"சரி மொதலாளி. வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வைக்கிற நேரத்துல லட்சுமியை வெளிய அனுப்புறீங்க. யோசிச்சுக்கோங்க."

வெயிலுமுத்து பாய்ந்து வந்து சைக்கிளைப் பிடுங்கினார். உள்ளே வைத்துப் பூட்டினார்.

"அப்ப நானு?" என்றான் சீனியப்பன்.

"நீ கிளம்பு. ஆளை அனுப்புறதுக்கு எவன்டா கிழமை பாக்குறான்?"