காஜா போட்டி

கட்டிங் மாஸ்டர் சவரிமுத்துவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோதும் துணிதான் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கடையில் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் கையால் காஜா எடுத்தவள் இசக்கியம்மாள். ஒரு தீபாவளி நெருக்கத்தில் அவளை வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார்.

“ஏ இசக்கி, காஜாவும் ஒன்னைவிட வெரசா நானே எடுப்பேன். நீ எதுக்கு?”

“சரி அண்ணாச்சி, ஆளுக்கு ஒரு கட்டுச் சட்டை. தோத்தா நான் போயிருதேன்.”

மாஸ்டர்தான் ஜெயித்தார். அதற்குள் வெட்டிய துணி தீர்ந்து, தையல் மெஷின்கள் ஓய்ந்திருந்தன. வாசலில் துணி கொடுத்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

இசக்கியம்மாள் எழுந்தாள். “காஜாவுல நீங்கதான் கெட்டிக்காரர் அண்ணாச்சி. ஆனா நீங்க ஊசியப் பிடிச்சதும் கடையே நின்னுபோச்சு. எனக்கு வெட்டத் தெரியாது. இனி யாரு வெட்டுவா?”

மாஸ்டர் ஊசியை அவளிடமே நீட்டினார்.

இப்போது அவர் மகன் வெட்டுகிறான். காஜா எடுப்பது இசக்கியம்மாள்தான்.