கூகை சூடிய முகம்

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சு பேசிக்கொண்ட காலம் அது. அப்போதெல்லாம் கூகை பகலில்தான் பறக்கும். மயில் அளவு பெரிய உடம்பு, பருந்தைப் போலப் பழுப்பு முகம், வெண்கல மணிபோல் கணீரென்ற குரல். வேழமலை நாட்டில் பொழுது விடிந்ததை ஊருக்குச் சொல்வதே கூகைதான்.

அந்த நாட்டின் அரசன் பேரெயினன். கோட்டைக்குள் அவன் ஒரு கூடம் கட்டியிருந்தான். முகக்கூடம் என்று அதற்குப் பெயர். எந்த நாட்டில் எந்த அரசர் இறந்தாலும் பேரெயினனின் ஆட்கள் களிமண்ணோடு போய் நிற்பார்கள். இறந்தவரின் முகத்தில் எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை அப்பி, காய்ந்ததும் மெல்லக் கழற்றி எடுப்பார்கள். அந்த அச்சுக்குள், வெயிலில் வைத்து வெளுத்த தேன்மெழுகை உருக்கி ஊற்றினால் அந்த முகம் அப்படியே வரும். நெற்றிச் சுருக்கம் வரும். உதட்டோரத்து வடு வரும். இமை மயிர்கூட ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வரும். அதற்குக் கயிறு கோத்துச் சுவரில் மாட்டிவிடுவார்கள்.

முகம் தர மறுத்த நாட்டின்மேல் படை போகும். ஒரு நாட்டரசரின் முகம் தன் சுவரில் இருந்தால் அந்த நாடே தன் காலடியில் இருப்பதாகப் பேரெயினன் நம்பினான்.

எலிகளுக்கு மெழுகு என்றால் உயிர். அதனால்தான் கூகையைக் காவலுக்கு வைத்தான்.

முதல்முறை உள்ளே போனபோது கூகைக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. ஊர்களைக் கொளுத்தியவனும், பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டவளும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். எல்லார் கண்ணும் மூடியிருந்தது. ஏதோ பெரிய ஒன்றைக் காது கொடுத்துக் கேட்பதுபோல எல்லார் முகத்திலும் ஒரே அமைதி. கூகை தன்னையறியாமல் சிறகை ஒடுக்கிக்கொண்டது. நாடே அதிரக் கூவும் அந்தப் பறவை, கூடத்துக்குள் இருக்கும்வரை வாயே திறப்பதில்லை.

கடைசிச் சுவரில் ஒரு முகம் தனியாக இருந்தது. பேரெயினனுக்கு முன் நாட்டை ஆண்ட அவன் தாய் வேண்மாளின் முகம். அரசன் நாள்தோறும் வந்து மற்ற முகங்களை ஒவ்வொன்றாக நின்று பார்ப்பான். தாயின் முகத்துக்கு எதிரே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான்.

ஒருநாள் கடற்கரை நாட்டுத் தலைவன் கடலாதன் இறந்துபோனான் என்று செய்தி வந்தது. பேரெயினனின் ஆட்கள் போனார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்கள் பின்னாலேயே கடலாதனின் மகள் பொலங்கோதை வந்தாள். அழுது வீங்கிய கண்கள், அள்ளி முடியாத கூந்தல். அரசன் நின்றிருந்த முகக்கூடத்துக்குள் நேராக நுழைந்தாள். சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"அரசே, அப்பாவைத் தாழியில் வைத்து மண்ணுக்குள் இறக்கிவிட்டோம். கேட்டது கிடைக்காது. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள்.

"தாழியைத் தோண்டி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும், பெண்ணே?" என்றான் பேரெயினன்.

அவள் மறுபடியும் சுவரைப் பார்த்தாள். "இவர்கள் எல்லாரையும் கட்டாயப்படுத்தித்தானே கொண்டுவந்தீர்கள்? ஒருவர்கூட உங்களைக் கண் திறந்து பார்க்கவில்லையே" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அரசனின் முகம் கறுத்தது. அங்கேயே நின்று படைக்கு ஆணை கொடுத்தான்.

கூகை அதுவரை அந்தக் கூடத்தில் பேசியதே இல்லை. அன்று பேசியது. "அரசே, வேண்டாம். புதைத்தவரைத் தோண்டி எடுப்பது பெரும் பாவம். அந்தப் பெண்ணின் ஊர்க்காரர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் சாவார்களே தவிர விலக மாட்டார்கள்."

"எலி பிடிப்பது உன் வேலை. அதை மட்டும் பார்" என்றான் அரசன்.

அரசனே யானை ஏறி முன்னே போக, படை புறப்பட்டது. முரசொலி தேய்ந்து மறையும்வரை கூகை உத்தரத்திலேயே உட்கார்ந்திருந்தது. தன் குரல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது அரசன் காதில் ஏறாது என்று அதற்குப் புரிந்துவிட்டது. அவன் யாருக்குத் தலைகுனிவான் என்றும் அதற்குத் தெரியும்.

கூகை கடைசிச் சுவருக்குப் பறந்து போனது. "தாயே, பொறுத்துக்கொள்" என்று வேண்மாளின் முகத்தின் முன் தலை தாழ்த்தியது. பிறகு கயிற்றுக்குள் கழுத்தை நுழைத்து, அந்த வெளுத்த முகத்தைத் தன் முகத்தின்மேல் சூடிக்கொண்டு, அதன் ஓர இடுக்கு வழியே பார்த்தபடி வெளியே பறந்தது.

உச்சி வெயில். மலையைத் தாண்டுவதற்குள் மெழுகு சூடாகிவிட்டது. காட்டின்மேல் பறக்கும்போது இளகத் தொடங்கியது. கீழே மரநிழல் குளுகுளுவென்று இருந்தது. சற்று இறங்கி உட்கார்ந்தால் போதும், முகமும் தப்பும், தானும் தப்பலாம். ஆனால் தூரத்தில் புழுதி எழும்புவதைக் கூகை பார்த்தது. இறங்கவில்லை. மெழுகு கன்னத்தில் சுட்டது, அலகை மூடியது, இறகின் வேருக்குள் இறங்கியது. வலியில் கத்த முயன்றது, வாய் திறக்கவில்லை.

காய்ந்து கிடந்த ஆற்றின் ஒரு கரையில் பேரெயினனின் யானைகள். மறு கரையில் தாழி புதைத்த மேட்டைச் சுற்றி மீனவரும் உப்பு விளைப்பவரும் கையில் கிடைத்ததை ஏந்தி நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பொலங்கோதை நின்றாள். அரசன் வேலை உயர்த்தினான்.

அப்போது சூரியனுக்குள்ளிருந்து வந்ததுபோல் அந்த முகம் வந்தது. பெரிய சிறகுகள் ஓசையில்லாமல் விரிந்திருக்க, ஆற்று மணலுக்குமேல் நின்றது. யானைகள் துதிக்கையைத் தாழ்த்திப் பின்வாங்கின. முரசடித்தவனின் கை அப்படியே நின்றுபோனது.

பேரெயினன் தலைகுனிய மறந்து பார்த்தான். இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாகத் தாயின் முகத்தை முழுதாகப் பார்த்தான். அந்த முகத்தின் இமைகள் உருகின. உள்ளே இருந்து இரண்டு கரிய கண்கள் அவனை நோக்கின. அது அவன் தலைக்குமேல் வந்ததும் உருகிய மெழுகு கன்னத்தின் வழியே வழிந்து, நிமிர்ந்திருந்த அவன் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. சுட்டது.

"அம்மா" என்றான். யானையிலிருந்து இறங்கினான். வேலை மணலில் வைத்துவிட்டு முகங்குப்புற விழுந்தான். அவனுக்குப் பின்னால் படையே விழுந்தது. எதிர்க்கரையில் பொலங்கோதையும் கைகூப்பி நின்றாள். வெகுநேரம் யாரும் எழவில்லை.

போர் நடக்கவில்லை. பேரெயினன் கோட்டைக்குத் திரும்பிச் சுவரிலிருந்த முகங்களையெல்லாம் பட்டில் சுற்றி அந்தந்த நாட்டுக்கே அனுப்பினான். அவரவர் மண்ணில் அவரவரைப் புதைக்கச் சொன்னான்.

வேண்மாளின் முகம் மட்டும் கழன்று வரவில்லை. வெயிலில் உருகிய மெழுகு சுருங்கி இறுகி, கூகையின் முகத்தோடு முகமாகிவிட்டது. வெந்த உடம்பும் அதோடு சேர்ந்து சிறுத்துவிட்டது. மருத்துவன் எண்ணெய் தடவி இழுத்துப் பார்த்தான். அலகு மட்டும் விடுபட்டது. கூகை பேச முயன்றது. சீறலாகக் காற்றுத்தான் வந்தது.

அரசன் அதை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தான். "உனக்கு வலிக்கிறதா?" என்று கேட்டான். கூகை அவனையே பார்த்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவன் அழுதான். "அந்த முகம் உன்னிடமே இருக்கட்டும். என்னைவிட உனக்குத்தான் அதைத் தாங்கத் தகுதி" என்றான். சாகும்போது, தன் முகத்தை யாரும் அச்சு எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினான்.

அந்த நாள் தொட்டுத்தான் கூகைக்கு வெளுத்த முகம். வெயில் பட்டால் மறுபடியும் உருகிவிடுமோ என்று பகலெல்லாம் பாழ் மண்டபத்திலும் கோபுரப் பொந்திலும் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகே வெளியே வருகிறது. அது எதிர்பாராமல் முகம் திருப்பி நம்மைப் பார்க்கும்போது, பேசிக்கொண்டிருந்த பேச்சை நாம் பாதியில் நிறுத்திவிடுவதும் அந்த நாள் தொட்டுத்தான்.