சப்பரம் இறக்கும் சுரம்

கஸ்பார் மூன்று வாரமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவது வாரம் அது அவருக்கே பொறுக்கவில்லை. பேண்ட் அறைச் சாவியைக் கொண்டுவந்து பிலோமினா மாஸ்டரின் மேசையில் வைத்தார்.

“நான் நின்னுக்கிடுதேன் மாஸ்டர்.”

இந்தக் கதையில் சீடருக்கு ஐம்பத்தாறு வயது, குருவுக்கு முப்பத்தெட்டு. தூத்துக்குடியில் கடலைப் பார்த்த மாதா கோயில் ஒன்றில், பிள்ளைகளுக்கு பேண்ட் கற்றுக்கொடுப்பவர் பிலோமினா. கஸ்பார் முப்பது வருடம் டிராம்போன் ஊதியவர். ஊதத் தெரிந்தவருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க வந்துவிடாது. அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் பிலோமினாவிடம் வந்து சேர்ந்திருந்தார்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாச் சப்பரம் தெருவெல்லாம் சுற்றிவிட்டு வந்து நிற்கும். டிராம்போன் மட்டும் தனியாக, மேலிருந்து கீழே, நாலு சுரம் ஊதும். நாலாவது சுரம் கேட்டால்தான் தூக்கியவர்கள் சப்பரத்தைத் தோளிலிருந்து இறக்குவார்கள். முப்பது வருடமாக அதை ஊதியவர் கஸ்பார்.

போன வருடம் திருவிழா அன்று காலையிலிருந்தே அவருக்கு முகம் மரத்துக் கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சப்பரம் வந்து நின்றது. மூன்று சுரம் ஊதினார். நாலாவதற்கு உதடு கோணிக்கொண்டது, வெறும் காற்றுதான் வந்தது. தூக்கியவர்கள் தோளில் பாரத்தோடு அப்படியே காத்து நின்றார்கள். கடைசியில் யாரோ கையை ஆட்டிச் சைகை காட்ட, சப்பரம் சத்தமில்லாமல் இறங்கியது.

முகவாதம் என்றார் மருத்துவர். முகம் பெரும்பாலும் நேராகிவிட்டது. இடது கடைவாய் மட்டும் இறுகவே இல்லை; ஊதினால் காற்று அந்த வழியாக ஒழுகிவிடும்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டிராம்போனில் இழுத்து நீட்டும் குழாயைக் காட்டி, “ஸ்லைடு இறுகிப்போச்சு, சரிபண்ணிட்டு ஊதிக் காட்டுதேன்” என்று சொல்லி, கரும்பலகையில் டிராம்போன் படம் வரைந்தே மூன்று வாரத்தைத் தள்ளினார். படம் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள்தான் கொட்டாவி விட்டார்கள்.

“ஊத முடியாதவன் ஊதச் சொல்லிக்கொடுக்கலாமா மாஸ்டர்? அதை மட்டும் சொல்லுங்க. நான் போறேன்.”

பிலோமினா சாவியைத் தொடவில்லை.

“இன்னைக்கு வகுப்பு எத்தனை மணிக்கு அண்ணே?”

“நாலு மணிக்கு.”

“அதை முடிச்சிட்டுப் போங்க. நானும் வாறேன்.”

நாலு மணிக்கு ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். எட்டு வயது ஜெனிட்டா நேராகக் கஸ்பாரிடம் வந்து ஒரு சின்ன பாட்டிலை நீட்டினாள்.

“என்னம்மா இது?”

“தேங்காய் எண்ணெய் சார். எங்க வீட்டுக் கதவு இறுகுனா அம்மா இதைத்தான் ஊத்துவாங்க. ஸ்லைடுக்கு ஊத்துங்க.”

மூன்று வாரமாக இந்தக் குழந்தை அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. கஸ்பார் பெட்டியைத் திறந்து டிராம்போனை எடுத்து, ஸ்லைடை முழு நீளத்துக்கு இழுத்தார். வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

“ஸ்லைடு நல்லாத்தாம்மா இருக்கு. என் வாய்தான் சரியில்ல. நான் பொய் சொல்லிட்டேன்.”

பிலோமினா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலிக்குதா சார்?” என்று கேட்டாள் ஜெனிட்டா.

“இல்லம்மா.”

“அப்ப சரி. எப்படி ஊதணும்னு சொல்லுங்க, நாங்க ஊதுதோம்.”

அவ்வளவுதான். மூன்று வாரம் அவர் தூக்கமில்லாமல் பயந்த காரியம் இவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனது. கஸ்பார் பாடத்தைத் தொடங்கினார்.

“கைக்குழந்தை எச்சில் தெறிக்க புர்ர்னு சொல்லும்லா? உதட்டை இறுக்கி வச்சு அப்படிச் செய்ங்க பாப்போம்.”

ஐந்து பேரும் செய்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் எச்சிலைத் தெறிக்கவிட்டுச் சிரித்தார்கள்.

“சத்தம் அங்கதான் பிறக்கு. உதடு துடிச்சா உள்ள இருக்க காத்தும் துடிக்கும். குழாய் அதைப் பெருசாக்கி வெளிய விடும். ஸ்லைடை நீட்டுனா குழாய் நீளமாகும், சத்தம் கீழ இறங்கும். அவ்வளவுதான் டிராம்போன்.”

வாய் வைத்து ஊதும் மவுத்பீஸை மாட்டி, ஜெனிட்டாவை நாற்காலியில் உட்காரவைத்து, டிராம்போனை அவள் தோளில் சாய்த்தார் பிலோமினா. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கன்றுக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவளே திடுக்கிட்டுப்போய் மவுத்பீஸை உற்றுப் பார்த்தாள்.

“சப்பரச் சுரம் ஊதட்டா சார்?”

அந்தத் தெருவில் அந்த நாலு சுரத்தை அறியாத பிள்ளை கிடையாது. அவள் கேட்டு முடிப்பதற்குள் மற்ற நால்வரும் பெஞ்சைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். சப்பரம் தயாராகிவிட்டது.

முதல் சுரம் வந்தது. ஸ்லைடை நீட்டினாள், இரண்டாவது வந்தது. தடுமாறித் தடுமாறி மூன்றாவதையும் பிடித்தாள். நாலாவதற்கு நாற்காலியை விட்டே சரிந்து கையை நீட்டினாள். விரல் நுனி வரை நீட்டியும் போதவில்லை.

“கை எட்ட மாட்டேங்கு சார்.”

“சீக்கிரம் ஊது பிள்ள, தோள் வலிக்கி!” என்றார்கள் பெஞ்சைத் தூக்கியவர்கள். ஆனால் ஒருவரும் இறக்கவில்லை.

கஸ்பார் அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். போன வருடமும் இப்படித்தான் காத்து நின்றார்கள்.

“அண்ணே,” என்றார் பிலோமினா. “பிள்ளைக்குக் கை குடுங்க.”

கஸ்பார் ஜெனிட்டாவின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து ஸ்லைடைப் பிடித்தார். ஸ்லைடில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குக் கோடோ புள்ளியோ கிடையாது. இடமெல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும்.

“நீ ஊதிக்கிட்டே இரும்மா. நிப்பாட்டாத.”

அவள் ஊதினாள். அவர் கை போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அவர் கை இன்னும் நீண்டது. நாலாவது சுரம் தெளிவாக, கனமாக இறங்கி அறை முழுவதும் நின்றது.

பிள்ளைகள் பெஞ்சைத் தரையில் இறக்கினார்கள்.

கஸ்பார் எழுந்திருக்கவில்லை. அவர் அழுததைப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஜெனிட்டா மறுபடியும் கேட்டாள்.

“வலிக்குதா சார்?”

“இல்லம்மா. இன்னொரு தடவை ஊது.”

ஐந்து பேரும் முறை வைத்து ஊதினார்கள். ஐந்து தடவையும் நாலாவது சுரத்துக்குக் கஸ்பாரின் கை போனது.

பிள்ளைகள் போன பிறகு அவர் டிராம்போனைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். சாவி மேசையிலேயே கிடந்தது.

“மாஸ்டர், நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே.”

பிலோமினா சாவியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“ஜெனிட்டாவுக்குக் கை எட்ட இன்னும் நாலு வருஷமாவது ஆகும்.”

“அதுக்கு அப்புறம்?”

“அதுக்கு அப்புறம் வேற ஒரு குட்டைக் கை வரும் அண்ணே.”